கோலெம்

ஹீப்ருச் சொல். ஹீப்ரு விவிலியத்தில் ஒரே இடத்தில், 139ஆம் சங்கீதத்தில், இன்னும் உருப்பெறாத கரு என்ற பொருளில் வருகிறது. இன்றைய ஹீப்ருவில் மந்தனுக்கும் அதே பெயர், கூட்டுப்புழுவுக்கும் அதே பெயர். யூதர்களின் பழங்கதையில் அது மந்திர எழுத்தால் உயிர்பெற்ற களிமண் மனிதன். நெற்றியில் ‘எமெத்’ (உண்மை) என்று எழுதியிருக்கும். முதல் எழுத்தை அழித்தால் ‘மெத்’, அதாவது செத்தது. கதை முடிந்தது! பிராக் நகரத்து ரப்பி (யூத மதகுரு) லோவ் செய்த கோலெம்தான் பேர்போனது. ஆனால் 1609இல் அவர் இறந்து நெடுங்காலம் கழித்தே கதை அவர்மேல் ஏற்றப்பட்டது.

கலைஞர்களையும் அது விடவில்லை. ஓவியர் ஹூகோ ஸ்டைனர்-பிராக் கல்லச்சுப் படங்களில் கோலெமை இருட்டாக வரைந்தார். சிற்பி நிக்கி த செயின்ட் ஃபால் 1972இல் ஜெருசலேம் பூங்கா ஒன்றில் எழுப்பிய ‘கோலெம்’ சிற்பமோ மூன்று சிவப்பு நாக்குகளை நீட்டுகிறது. மூன்றும் சறுக்குமரங்கள். என் ஓட்டு இதற்கே. ஊரார் அதை அழைப்பது ‘மிஃப்லெட்செட்’ என்று, பொருள், பூதம்.