விலைச்சீட்டு எழுதும் வரலாறு

பழைய லீவர் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கிகளுக்கு அமெரிக்காவில் பெரிய சந்தை இருக்கிறது. விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெற்று உறை வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். இயந்திரம் அவ்வளவுதான். அதன் ஏலக் குறிப்புகளை நான் வரலாற்றுப் பிரதிகளாகவே வாசிக்கிறேன். எதற்கு விலை என்ற கேள்விக்குள் யாருடைய வரலாறு என்ற கேள்வியும் இருக்கிறது.

வாங்க வருகிறவர் முதலில் கேட்பது வருஷம். செலவைக் குறைக்க 1964இல் வின்செஸ்டர் கம்பெனி உற்பத்தி முறையை மாற்றியது. அதனால் 1894 மாடல் என்றால், ‘அறுபத்துநாலுக்கு முந்தினதா?’ என்றுதான் பேச்சு தொடங்கும். இன்னொரு கோட்டைச் சட்டம் போட்டது. 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி 1898 வரை செய்யப்பட்டது புராதனப் பொருள். 1899இல் செய்யப்பட்டது ஆயுதம். மாடல் ஒன்றுதான், தோட்டாவும் ஒன்றுதான். அடுத்தது பூச்சு. தொழிற்சாலை நீலம் அப்படியே இருந்தால் விலை ஏறும், புதுசாப் பூசியிருந்தால் இறங்கும். யாரும் சுடாத துப்பாக்கிதான் ஒசத்தி. பயன்மதிப்பு செத்த இடத்தில்தான் பரிவர்த்தனை மதிப்பு கொழுக்கிறது.

பிறகு, யார் கையில் இருந்தது என்பது. 1886 மாடலின் முதல் எண் துப்பாக்கி 2016இல் 12 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. ஜெரோனிமோவைத் துரத்திய படையை நடத்திய கேப்டன் ஹென்றி லாட்டனுக்குப் பரிசாக வந்தது அது. துரத்தியவனின் பெயர் விலையை ஏற்றுகிறது. துரத்தப்பட்ட அபாச்சி அந்த விலைச்சீட்டில் ஓர் அலங்காரம்.

‘மேற்கை வென்ற துப்பாக்கி’ என்பது போர்களெல்லாம் ஓய்ந்தபின், இருபதாம் நூற்றாண்டில் கம்பெனி உண்டாக்கிய விளம்பர வாசகம். 1876இல் லிட்டில் பிக்ஹார்னில் நடந்தது வேறே. லகோட்டா, செயென் வீரர்கள் பலரிடம் ஹென்றி, வின்செஸ்டர் துப்பாக்கிகள் இருந்தன. கஸ்டரின் சிப்பாய்களிடம் ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுடும் ஸ்பிரிங்ஃபீல்டு. 1983இல் புல்வெளி தீப்பிடித்து எரிந்தபின் தொல்லியலாளர்கள் அங்கே கிடந்த உறைகளைப் பொறுக்கி, ஊசி குத்திய தடத்தை வைத்துத் தனித்தனித் துப்பாக்கிகளின் நகர்வையே வரைந்தார்கள். 1890இல் வூண்டட் நீயில் லகோட்டாக்களின் துப்பாக்கிகளைப் பறிக்கப் போன இடத்தில்தான் படுகொலை தொடங்கியது. 1892இல், லின்ச் கொலைகளை எதிர்த்த ஐடா பி. வெல்ஸ், சட்டம் தர மறுக்கும் பாதுகாப்புக்காகக் கறுப்பர் வீடுதோறும் வின்செஸ்டர் இருக்கட்டும் என்று எழுதினார். இந்தக் கைகள் எவையும் ‘வென்ற’ கணக்கில் சேர்வதில்லை.

2014இல் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஒரு ஜூனிபர் மரத்தில் சாய்த்து வைத்தபடியே ஒரு 1873 மாடல் கிடைத்தது. கட்டை வெளுத்து வெடித்திருந்தது, இரும்பு துருவேறியிருந்தது. எண்ணை வைத்துப் பதிவேட்டைப் பார்த்தபோது 1882இல் செய்தது என்று தெரிந்தது. யார் வாங்கினார், யார் சாய்த்துவிட்டுப் போனார் என்ற தகவல் அதில் இல்லை. கம்பெனி தன் சரக்குக்குக் கணக்கு வைத்தது, ஆட்களுக்கு வைக்கவில்லை. அந்த ஆட்களைத் தேடுகிறவர்கள், விலையைக் குறைக்கும் தேய்மானத்திலிருந்துதான் வாசிக்கத் தொடங்கணும்.