திரிசங்கு சொர்க்கம்

திரிசங்கு சொர்க்கம் என்பது விசுவாமித்திரர் தம் தவ வலிமையால் தென்வானில் படைத்ததாகக் கூறப்படும் மாற்று விண்ணுலகம். வால்மீகி இராமாயணத்தின் பாலகாண்டத்தில், சதானந்த முனிவர் மிதிலையில் இராமனுக்குச் சொல்லும் விசுவாமித்திரர் வரலாற்றில் இக்கதை வருகிறது. அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் தவிப்பவரின் நிலையைத் 'திரிசங்கு சொர்க்கம்' என்று சொல்வது தமிழில் இன்றும் வழக்கில் உள்ளது. புதிய பிரபஞ்சத்தைப் படைப்பது பற்றி நம் நாட்டில் வழங்கும் பழங்கதைகளுள் இதுவும் ஒன்று.

கதை

இட்சுவாகு குலத்து அரசன் திரிசங்கு உடலோடு சொர்க்கம் செல்ல விரும்பினான். குலகுரு வசிட்டர் மறுத்தார்; அவருடைய புதல்வர்கள் சபித்தனர். விசுவாமித்திரர் அவனுக்காக வேள்வி செய்தார். அவிர்ப்பாகம் பெறத் தேவர்கள் வராததால், தம் தவப்பயனைக் கொண்டே அவனை மேலே அனுப்பினார். குருவின் சாபம் பெற்றவனுக்கு இடமில்லை என்று இந்திரன் கீழே தள்ளினான். தலைகீழாக விழுந்த அவனை விசுவாமித்திரர் நடுவானில் நிறுத்தினார். பின்னர் தென்திசையில் புதிய சப்தரிஷி மண்டலத்தையும் விண்மீன் வரிசைகளையும் படைத்து, வேறோர் இந்திரனையும் படைக்க முற்பட்டார். அஞ்சிய தேவர்கள் சமாதானம் பேசினர். புதிய விண்மீன்கள் நிலைத்திருக்கும். திரிசங்கு அவற்றிடையே தலைகீழாகவே ஒளிர்வான் என்று முடிவாயிற்று.

தென்வானில் திரிசங்கு

இந்திய மரபில் தென்சிலுவை விண்மீன் கூட்டம் திரிசங்குவாகக் கருதப்படுகிறது. இது வான நடுவரைக்குத் தெற்கே சுமார் 60 பாகையில் உள்ளது. எனவே டெல்லியில் அடிவானத்தை ஒட்டியே வரும். வடக்கு அட்சரேகை சுமார் 12.6 பாகையில் அமைந்த உத்திரமேரூரில் ஏறத்தாழ 17 பாகை உயரம் வரை எழும். தெற்கே மறைப்பில்லாத ஏரிக்கரையில் நின்றால், மே மாத நடுவில் இரவு 9 மணியளவில் காணலாம். அதற்கு இடப்புறம் உள்ள ஆல்பா சென்டாரி, பீட்டா சென்டாரி என்னும் இரு பிரகாசமான விண்மீன்கள் நல்ல அடையாளம். பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளில் ஒரு சுற்று திசை மாறுவதால், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடஇந்தியாவிலும் இவ்விண்மீன்கள் இன்றைவிட உயரத்தில் தெரிந்தன.

படமும் புனைகதையும்

தமிழ்ச் சிறுவர்கள் புராணக் கதைகளை ஓவியங்களோடு படிக்க, 1947இல் தொடங்கிய அம்புலிமாமா வழிவகுத்தது. 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், 'இரும்புக்கை மாயாவி' போன்ற அறிவியல் கற்பனைகளைப் படக்கதைகளாகத் தந்தது.

மேலைநாடுகளில் பிரபஞ்சப் படைப்பு, படங்களுடன் வெளிவந்த மலிவு விலை இதழ்களில் அறிவியல் புனைகதைக்குப் பொருளாயிற்று. எட்மண்ட் ஹாமில்டனின் 'ஃபெசண்டனின் உலகங்கள்' 1937இல் வெளிவந்தது. அதில் ஓர் அறிஞர் ஆய்வுக்கூடத்தில் சிறு பிரபஞ்சம் ஒன்றைப் படைத்து, அங்குள்ள உயிர்களைத் துன்புறுத்திச் சோதனை செய்கிறார். ஐசக் அசிமோவின் 'கடைசிக் கேள்வி' 1956இல் வெளிவந்தது. அதில் விண்மீன்கள் யாவும் அணைந்தபின் ஒரு கணினி பிரபஞ்சத்தை மீண்டும் தொடங்குகிறது.

இயற்பியல் நோக்கு

1987இல் எட்வர்ட் ஃபார்ஹி, ஆலன் குத் ஆகியோர் ஆய்வுக்கூடத்தில் பிரபஞ்சம் படைக்க இயலுமா என்பதை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டை மட்டும் கொண்டு பார்த்தால் அதற்குப் பெருந்தடை உள்ளது என்று கண்டனர். 1990இல் ஜெமால் குவெனும் சேர்ந்து, குவாண்டம் விளைவால் வழி உண்டா என ஆராய்ந்தனர். அவ்வாறு ஒன்று தோன்றினாலும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கருந்துளையாகவே தெரியும். உள்ளே அது தனக்கென ஒரு வெளியை உண்டாக்கி விரிந்து, பிரிந்துவிடும். படைத்தவர் அதற்குள் நடப்பதை அறியவோ உதவவோ முடியாது.

மதிப்பீடு

புராணக் கதையில் நவீன இயற்பியல் இருந்தது என்று கொள்வது பொருந்தாது. விசுவாமித்திரரின் கருவி தவம். இயற்பியலாளரின் கருவி கணிதம். எனினும், படைத்தபின் உள்ளே இருப்பவரின் கதி என்ன என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. விசுவாமித்திரரின் சொல் நிலைத்தது, தேவர்களின் அச்சம் நீங்கியது. யாருக்காக அந்த வானம் படைக்கப்பட்டதோ, அவன் மட்டும் தலைகீழாகவே தொங்குகிறான்.