கலப்படமும் தூய்மைக்கேடும்: தெருவோர உணவுச் சட்டங்களில் ஒரு சொல்லின் வரலாறு

இந்திய நகரங்களின் தெருவோர உணவு விற்பனையைக் கண்காணிக்கும் சட்டங்களின் வரலாறு, ‘கலப்படம்’ என்னும் சொல்லின் பொருள் விரிந்து பின்னர்ச் சுருங்கிய வரலாறும் ஆகும்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இரு குற்றங்களைப் பிரித்துரைத்தது. விற்கும் நோக்குடன் உணவில் கலப்படம் செய்து அதனைத் தீங்காக்குவதை 272ஆம் பிரிவும், உண்ணத் தகாததாகிவிட்ட உணவை அறிந்தே விற்பதை 273ஆம் பிரிவும் கூறின. பின்னர் மாகாணங்கள் தனித்தனியே சட்டம் இயற்றின. சென்னை மாகாணக் கலப்படத் தடைச் சட்டம் 1918ஆம் ஆண்டினது. நாடு முழுமைக்குமான உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954இல் இயற்றப்பட்டு, 1955 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் வரையறைப்படி, தூய்மையற்ற சூழலில் செய்யப்பட்டோ வைக்கப்பட்டோ அதனால் மாசுற்ற உணவும் கலப்பட உணவே. ஆனால், தமிழில் இச்சொல் ‘கல’ என்னும் வினையடியாகப் பிறந்தது. கலப்பவர் ஒருவர் உண்டு, அவருக்கு ஏமாற்றும் எண்ணமும் உண்டு என்னும் குறிப்பு அதில் அடங்கியுள்ளது. மிளகில் பப்பாளி விதையைக் கலக்கும் வணிகரும், ஈ மொய்க்கும் வடையை விற்கும் தள்ளுவண்டிக்காரரும் இவ்வாறு ஒரே சொல்லுக்குள் அடங்கினர். உணவின் தன்மையை அறியாது விற்றதாகக் கூறுவது எதிர்வாதமாக ஏற்கப்படவில்லை. 1964ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் பொதுவாகக் குறைந்த அளவுத் தண்டனை ஆறு மாதச் சிறையாயிற்று.

2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் இச்சொல்லின் எல்லையைக் குறுக்கிற்று. ‘உணவு ஆய்வாளர்’ ‘உணவுப் பாதுகாப்பு அலுவலர்’ ஆனார். தூய்மையற்ற முறையில் தயாரித்தல் 56ஆம் பிரிவிலும், கலப்படப் பொருளை வைத்திருத்தல் 57ஆம் பிரிவிலும் தனித்தனியே இடம்பெற்றன. மாசினால் உணவு தீங்குடையதாயின் சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. எனினும், அதன் பெயர் ‘பாதுகாப்பற்ற உணவு’ என்பதே. விற்றவர் வஞ்சகர் என்னும் குறிப்பு அதில் இல்லை.

32ஆம் பிரிவின்படி, குறைகளைச் சரிசெய்ய 14 நாளுக்குக் குறையாத கால அளவு தந்து அறிவிப்பு வழங்கலாம். ஆங்கிலச் சொல்லை ஒட்டி இதனை ‘மேம்பாட்டு அறிவிப்பு’ எனப் பெயர்த்தால், அரசு நலத்திட்டம் ஒன்றின் பெயர்போல் ஒலிக்கும். ‘குறை திருத்த அறிவிப்பு’ என்றால், செய்ய வேண்டியதும் அதற்குக் காலம் உள்ளதும் விற்பவருக்கு விளங்கும். திருத்தத் தவறின் உரிமம் நிறுத்தப்படக்கூடும் என்பதால், இங்குச் சொல்லின் தெளிவு பிழைப்போடு தொடர்புடையதாகிறது. சட்ட மொழிபெயர்ப்பாளர் கருத்திற்கொள்ளத் தக்கது இதுவே.