பெருமீனும் தூண்டிற்கோலும்

தூண்டிற்காரனுக்கு மிதப்பின்மேல் கண் என்பது நம்மவர் பழமொழி. மண்புழுவைக் கோத்துக் குளக்கரையில் அமர்ந்திருப்பவனுக்கு அது பொருந்தும். மீன்போற் செய்த கனத்த போலி இரையை எறிந்து, நீரில் ஓடவிட்டு இழுப்பவனுக்கோ மிதப்பே கிடையாது. அவன் நம்பியிருப்பது கையிலுள்ள கோலைத்தான்.

கண்டி நகரை மூன்று புறமும் வளைந்தோடும் மகாவலி கங்கையிலே மகசீர் இனத்துக் கெண்டை ஒன்று உண்டு. சிங்களத்தில் அதனை லெஹெல்லா என்பர். அதன் தாடையிற் பல் இல்லை, பற்களெல்லாம் தொண்டையிலே. காவிரியிலுள்ள அதன் உறவுமீன் இன்னும் பெரிது. இத்தகைய மீன்களைப் பிடிப்பது பற்றி, சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பார் 1873 இல் மங்களூரில் ஒரு நூல் வெளியிட்டார். 'தி ராட் இன் இந்தியா' என்பது அதன் பெயர்.

1882 இல் நமது மலைநாட்டு நீரோடைகளுக்கு டிரவுட் மீன் வந்தது. அதனை ஈப்போன்ற இறகு இரையால், மெல்லிய கோல்கொண்டு பிடிப்பர். அங்கே நூலின் பாரமே ஈயைச் சுமந்து செல்கிறது. கனத்த போலிமீனை எறியும்போதோ இரையின் பாரமே நூலை இழுத்துச் செல்கிறது. இந்த வேறுபாட்டை அறிந்தால் கோலைத் தெரிவது எளிது. பலரும் பிடிக்க விரும்பும் மீனின் எடையை மனத்திற்கொண்டு கோல் வாங்குகிறார்கள். கேட்க வேண்டியது இரையின் எடையை. ஓடும் மீனுக்கு நூலை விட்டுக்கொடுக்கச் சுருளி இருக்கிறது. வீசும் வேகத்தில் வரும் பாரத்தைத் தாங்கக் கோலைத் தவிர வேறொன்றும் இல்லை.

அமெரிக்காவில் பாஸ் என்னும் மீனைப் பற்றி 1881 இல் நூலெழுதிய மருத்துவர் ஹென்ஷால், எட்டடி மூன்றங்குலக் கோலைப் பரிந்துரைத்தார். பின்னர் கோல்கள் ஐந்தாறு அடியாகக் குறுகின. கலிபோர்னிய நீர்த்தேக்கங்களில் விடப்பட்ட டிரவுட் மீன்களைத் தின்று பாஸ் பெருத்தபோது, டிரவுட்டைப் போலவே சாண் நீளப் போலிமீன்கள் செய்யப்பட்டன. நூறு கிராமுக்கும் மேற்பட்டவை அவை. கோலும் மறுபடி எட்டடியை எட்டியது! அடிப்பகுதி தடித்துப் பாரம் முழுவதையும் ஏற்க வேண்டும். நுனி சற்றே இளக வேண்டும். விறைத்த நுனி, மீன் கவ்வுமுன் இரையை அதன் வாயிலிருந்து பறித்துவிடும். எத்தனை கிராம் இரைக்கு ஏற்றது என்பது இக்காலக் கோல்களில் கைப்பிடிக்கு அருகே எழுதியிருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கக் கைவினைஞர், கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய மூங்கிலைப் பிளந்து, ஆறு கீற்றுகளாக ஒட்டிக் கோல் செய்தனர். பிறகு தென்சீன மூங்கில் அதனை வென்றது. 1950 இல் சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா தடை விதிக்கவே, கண்ணாடி இழைக்கு வழி பிறந்தது; 1970 களில் கரியிழை வந்தது. பேராதனைப் பூங்காவில் கங்கைக் கரையோரம் நிற்கும் இராட்சத மூங்கில்களைக் கண்டு, இவற்றில் எத்தனை கோல் செய்யலாம் என்று வியப்பவர் உண்டு. ஒன்றுகூடத் தேறாது. கோலுக்கு வேண்டியது பருமனன்று. கல்மூங்கிலைப் போன்ற கெட்டியான கட்டை.

தாமஸ் கோலைப்பற்றி மட்டும் எழுதியவரல்லர். தென்கன்னடத்தில் மீன்குஞ்சுகள் அழிக்கப்படுவதைப் பற்றி 1870 இலேயே அறிக்கை எழுதினார். வெடியாலும் நஞ்சாலும் மீன்பிடிப்பதை இந்தியாவில் 1897 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. மகாவலியிலே 1976 இல் பொல்கொல்லை அணையும், 1985 இல் விக்டோரியா அணையும் திறக்கப்பட்டபின் நீரோட்டமே மாறிவிட்டது. மகசீரோ ஓடும் நீரை நாடும் மீன்.

காவிரிப் பகுதியில் 1946 இல் 120 இறாத்தல் எடையுள்ள மகசீர் தூண்டிலில் அகப்பட்டது. திமில் முதுகு கொண்ட அந்த இனத்துக்குரிய அறிவியற்பெயர் 2018 இல்தான் உறுதியாயிற்று. அதற்குள் அது அழிவின் விளிம்பை அடைந்திருந்தது. அந்த வீழ்ச்சியை ஆய்வாளர் கண்டறிந்தது, 1998 முதல் 2012 வரை காவிரிக்கரைத் தூண்டிற்காரர், பிடித்த மீனை எடைபோட்டு ஆற்றிலேயே விட்டு, எழுதிவைத்த கணக்குகளிலிருந்து.