படைவீரர் இறுதி மரியாதை: திருச்சிராப்பள்ளி, திருவரங்கம்

பணியில் உயிர்நீத்த படைவீரரின் உடலுக்கு அரசு செய்யும் சிறப்பு, அவர் பெயரை நிலைநிறுத்தும் ஏற்பாடு, குடும்பத்துக்கு வழங்கும் வாழ்வாதாரம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இறுதி மரியாதை. இன்றைய நடைமுறையில் இதை இரு தரப்பினர் நடத்துகிறார்கள். ராணுவ மரியாதையை வீரரின் படைப்பிரிவோ அருகிலுள்ள படைமுகாமோ செய்கிறது. அரசு மரியாதையை மாவட்ட ஆட்சியரும் காவல்துறையும் செய்கிறார்கள்.

தமிழகத்தில் இதன் வேர் நடுகல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்கள் கிறித்துவுக்கு முற்பட்டவை. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் நட்டு வாழ்த்துவது வரையிலான சடங்குகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. பல்லவர் காலத்துச் செங்கம் நடுகற்களில் மன்னனின் ஆட்சியாண்டு முதலில் வரும். பிறகு வீரன் யாருடைய சேவகன், எந்தப் பூசலில் பட்டான் என்ற செய்தி வரும். ஆநிரை மீட்கப் போன சாதாரண ஆளின் பெயரும் அரசனின் பெயரும் ஒரே கல்லில் இடம்பெற்றன. கல் நட்டதோடு கடமை முடிந்துவிடவில்லை. இறந்தவனின் வழியினருக்கு உதிரப்பட்டி என்ற பெயரில் நிலம் விடப்பட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பெயருக்குக் கல், பிள்ளைகளுக்கு நிலம் என்ற இந்த இரட்டை ஏற்பாட்டை அளவுகோலாகக் கொண்டால், பின்வந்த அரசுகள் எதைச் செய்தன, எதை விட்டன என்பது தெளிவாகிவிடும்.

திருவரங்கத்தில் இந்த மரியாதை கோயில் வழியாக வந்தது. 1323ஆம் ஆண்டு டில்லிப் படையெடுப்பில் பன்னீராயிரம் வைணவர்கள் மாண்டதாகக் கோயில் மரபு கூறுகிறது. வெள்ளையம்மாள் என்ற தேவதாசி படைத்தலைவனைக் கிழக்குக் கோபுரத்தின் மேல் அழைத்துச் சென்று தள்ளிக் கொன்று, தானும் குதித்து உயிர்விட்டாள் என்பதும் மரபுச் செய்தி. வெள்ளைக் கோபுரம் என்ற பெயர் அவளால் வந்தது என்பார்கள். அவள் நினைவாக, இறந்த தேவதாசியரின் சிதைக்குக் கோயில் மடைப்பள்ளியிலிருந்து நெருப்பு கொடுத்தனுப்பும் வழக்கம் இருந்ததாகவும் சொல்வதுண்டு. அவள் எந்தப் படையிலும் சம்பளம் வாங்கியவள் அல்லள். ஆனாலும் ஊரைக் காத்து இறந்தவருக்கு அந்த ஊரின் தலைமை நிறுவனமே ஈமக்கடனில் பங்கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் இதில் தெரிகிறது.

ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கருநாடகப் போர்களில் திருச்சிக் கோட்டைக்காகவே பல ஆண்டுகள் ரத்தம் சிந்தப்பட்டது. 1752இல் திருவரங்கம் தீவில் முடங்கிய பிரெஞ்சுப் படை சரணடைந்தது. 1753இல் பொன்மலையில் பெரும் சண்டை நடந்தது. அங்கே போரிட்ட கிழக்கிந்தியக் கும்பினித் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸே 1758இல் சிப்பாய்களைப் பட்டாளங்களாகத் திரட்டினார். மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் தொடக்கத்தை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது. கும்பினியின் வெள்ளை அதிகாரிகளுக்குப் பெயரும் பதவியும் பொறித்த கல்லறைகள் எழுந்தன. அவர்களோடு விழுந்த தமிழ்ச் சிப்பாய்க்குக் கல் இல்லை. நடுகல் மரபு அறுந்த இடம் இதுதான்.

அந்த அறுபட்ட நிலையைத் திருச்சி காந்தி மார்க்கெட் வாசலில் இன்றும் பார்க்கலாம். 1914 முதல் 1919 வரை இவ்வூரிலிருந்து பெரும்போருக்குச் சென்றவர்கள் 302 பேர், உயிர்விட்டவர்கள் 41 பேர் என்கிறது அங்குள்ள முதல் உலகப்போர் நினைவுக் கல்வெட்டு. நாற்பத்தொருவரில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. காய்கறி மூட்டைகளும் ஆட்டோக்களும் நெருக்கும் அந்த இடத்தில் நின்று படிக்கும்போது, எண்ணிக்கை மட்டும் தரும் மரியாதை எவ்வளவு குறைபட்டது என்பது உறைக்கிறது. அவர்களின் வழியினர் இந்த ஊரிலேயே இருக்கலாம். தேடிவந்தாலும் தம் முன்னோரை அந்தக் கல்லில் காண முடியாது.

விடுதலைக்குப் பின் 1950 ஜனவரி 26 அன்று பரம்வீர், மகாவீர், வீர் சக்ர விருதுகள் நிறுவப்பட்டன. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாளாக அனுசரிக்கப்படுகிறது. எனினும் 1965, 1971 போர்களில் இறந்தோரின் உடல்கள் பெரும்பாலும் களத்தருகிலேயே எரியூட்டப்பட்டன. வீட்டுக்குத் தந்தி வந்தது, உடைமைகள் வந்தன, உடல் வரவில்லை. 1999 கார்கில் போரில்தான் உடல்களைச் சொந்த ஊருக்கு அனுப்புவது பரவலான நடைமுறையாயிற்று.

திருச்சி அதை மேஜர் மாரியப்பன் சரவணன் வழியாக அறிந்தது. ராமேசுவரத்தில் 1972இல் பிறந்தவர். தந்தை ராணுவ மருத்துவர். பீகார் ரெஜிமென்டின் முதல் பட்டாளத்தில் பணியாற்றிய சரவணன், 1999 மே 29 அதிகாலை படாலிக் பகுதியின் ஜூபார் முகட்டைப் பிடிக்கும் தாக்குதலுக்குத் தலைமை ஏற்றார். ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் பதுங்குகுழியைத் தாக்கினார். காயம்பட்டும் பின்வாங்க மறுத்து முன்னேறியபோது வீழ்ந்தார். அவருடைய உடல் பனியில், எதிரியின் துப்பாக்கி எல்லைக்குள் கிடந்தது. ஒரு மாதத்துக்கும் மேலான பிறகு, ஜூலையில், அந்தப் பகுதி கைவந்த பின்னரே மீட்க முடிந்தது. அத்தனை நாளும் தாய் காத்திருந்தார், ஊரும் காத்திருந்தது. முழு ராணுவ மரியாதையோடு திருச்சியில் இறுதிச் சடங்கு நடந்தது. வீர் சக்ர விருது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. கன்டோன்மென்ட் பகுதியில் அவருக்கு நினைவிடம் உண்டு. சாலை ஒன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. மே 29 அன்றும், கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 அன்றும் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். மார்க்கெட் வாசலில் இல்லாத பெயர், கன்டோன்மென்டில் எழுத்தாயிற்று.

சடங்கின் முறை கண்டிப்பானது. பெட்டியின் மேல் தேசியக் கொடியின் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடியைக் குழியில் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது என்கிறது 2002ஆம் ஆண்டுக் கொடி விதித்தொகுப்பு. வீரர்கள் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நிற்பார்கள், வானை நோக்கிச் சுடுவார்கள், பியூகிளில் ‘லாஸ்ட் போஸ்ட்’ ஒலிக்கும். மடித்த கொடி மனைவி அல்லது பெற்றோர் கையில் சேரும்.

உதிரப்பட்டியின் இடத்தில் இப்போது கருணைத்தொகையும் குடும்ப ஓய்வூதியமும் உள்ளன. போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு அவர் கடைசியாக வாங்கிய சம்பளமே தாராளமயக் குடும்ப ஓய்வூதியமாகக் கிடைக்கும். பணியில் நோயுற்று இறந்தால் கணக்கு வேறு. மரணம் எந்த வகையில் பதிவாகிறது என்பதே ஒரு குடும்பத்தின் பல ஆண்டு வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. எனவே ஆவணத்தில் எழுதப்படும் அந்த ஒரு வரிக்கு, சுடப்படும் குண்டுகளைவிட எடை அதிகம்.

மரணத்தின் வகையைப் போலவே, எந்தப் படை என்பதும் மரியாதையை மாற்றுகிறது. 2019 பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதலில் இறந்த அரியலூர் மாவட்ட வீரரின் உடல் திருச்சி விமான நிலையம் வழியாகவே கொண்டுவரப்பட்டது. அவர் மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்தவர். அது ராணுவத்தின் கீழ் வராமல் உள்துறையின் கீழ் வருவது. கொடியும் அரசு மரியாதையும் அவருக்கும் கிடைத்தன. தமிழக அரசு 20 லட்சம் ரூபாய் அறிவித்தது. ஆனால் அதே மாதம் 25ஆம் நாள் டில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் கருங்கல் சுவர்கள் முப்படையினருக்கு உரியவை. மத்திய ரிசர்வ் படையினரின் பெயர்களுக்கு, 2018இல் சாணக்கியபுரியில் திறந்த தேசியக் காவலர் நினைவகமே இடம்.