பொட்டலத்துப் படங்களும் லயத்துப் பத்திரங்களும்

வாங்குவோரைக் கட்டிவைப்பதற்கு முதலாளித்துவ வணிகம் கண்டுபிடித்த தந்திரங்களுள் படச்சீட்டும் ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சிகரெட் கம்பெனிகள், பெட்டி நசுங்காதிருக்க உள்ளே வைத்த அட்டையில் பேஸ்போல் ஆட்டக்காரரின் படங்களை அச்சிட்டன. ஒரு படம் கிடைத்தவனுக்கு அடுத்ததும் வேண்டும். வரிசை நிறையும்வரை அதே சிகரெட்டையே அவன் வாங்கவேண்டும். அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி 1909 முதல் 1911 வரை வெளியிட்ட வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் சீட்டு மிக அரிது. அதன் பிரதியொன்று 2022இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டொலருக்குக் கைமாறியது.

தேயிலை வணிகமும் இத்தந்திரத்தைக் கைக்கொண்டது. 1869இல் மான்செஸ்டர் நகரில் ஆர்தர் புரூக் தொடங்கிய புரூக் பொண்ட் கம்பெனி, 1954இல் பிரித்தானியப் பறவைகளின் 20 படங்களைத் தன் தேயிலைப் பொட்டலங்களில் இட்டு வழங்கியது. மறு ஆண்டில் காட்டுப் பூக்கள் 50 வந்தன. பிள்ளைகள் பள்ளி முற்றங்களில் படங்களை ஒன்றுக்கொன்று மாற்றி ஆல்பத்தை நிரப்பினார்கள். 1962இல் ஆசியாவின் வனவிலங்குகள், சார்ள்ஸ் டனிக்ளிப் தீட்டிய 50 ஓவியங்களாக அந்தப் பிள்ளைகளின் கையை அடைந்தன. இவ்வழக்கம் 1999 வரை நீடித்தது.

அந்தக் குழந்தைகளின் மகிழ்ச்சியில் நமக்குப் பகையில்லை. ஆனால் பிரித்தானியரின் கோப்பையை நிரப்பிய இலங்கைத் தேயிலை எங்கிருந்து சென்றதோ, அங்கே, வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள றொசல்ல போன்ற ஊர்களின் லயங்களில், அதே ஆண்டுகளில் நடந்த மற்றொரு சேகரிப்பைச் சரித்திரம் மறந்துவிடலாகாது.

தோட்டத் தொழிலாளியின் வாழ்வில் சீட்டு என்பது புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர், செல்லவேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லையைச் சுமந்து கடல் கடந்தார். வந்து சேர்ந்தபின் ‘துண்டு’ அவரை ஆண்டது. கடனை அடைத்தால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அச்சீட்டைக் கொண்டு ஒரு கங்காணியின் ஆட்கள் கடனோடு சேர்த்து வேறு தோட்டத்துக்கு மாற்றப்பட்டார்கள். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

சுதந்திரம் வந்தபின் சீட்டின் அதிகாரம் குறைந்ததா? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவரென்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களென்றோ நிரூபிக்கச் சொன்னது. லயத்து அறையில் பிறந்த எத்தனையோ குழந்தைகளின் பிறப்பே ஒழுங்காகப் பதியப்படாத நாட்டில், பூட்டனின் பத்திரத்துக்கு எங்கே போவது? 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வேறொரு வழி காட்டியது. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இலங்கையில் வசித்ததை நிரூபிக்கவேண்டும். தோட்டத்தில் பெயர் பதிந்த சான்று, பிறப்பத்தாட்சி, விவாகப் பதிவு என ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கவேண்டியதாயிற்று. 8 லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பிரஜாவுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. இதற்கிடையில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸின் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்காளர் இடாப்பிலேயே இல்லாமற்போனார்கள்.

ஆல்பத்தில் ஒரு படம் குறைந்தால் பிள்ளை நண்பனிடம் மாற்றிக்கொள்ளும். பிறப்புப் பத்திரத்தை எவரோடு மாற்றுவது? ஆல்பம் நிறையாவிட்டால் சிறிது ஏமாற்றம். இந்தக் கட்டு நிறையாவிட்டால் நாடே இல்லை. வனவிலங்குப் படங்கள் வெளிவந்த இரண்டாம் ஆண்டில், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமாவோவும் சாஸ்திரியும் 9 லட்சத்து 75 ஆயிரம் மனிதரைக் கணக்கிட்டுப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம். இலங்கைக்கு 3 லட்சம். எஞ்சிய 1 லட்சத்து 50 ஆயிரம் பின்னர் பார்த்துக்கொள்ளப்படும். அந்த எச்சத்தை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது.

புரூக் பொண்ட் படங்களின் ஒவ்வொரு வரிசையும் இன்று இலக்கமிட்டுப் பட்டியலாக்கப்பட்டிருக்கிறது. லயத்துத் தகரப் பெட்டிகளிலோ நிராகரிப்புக் கடிதங்களும், பழைய சம்பளச் சீட்டுகளும், செக்றோல் பிரதிகளும் கறையானுக்கு இரையாகின்றன. தன்னை நிரூபிக்கும்படி ஒரு மக்களை 55 ஆண்டுகள் அலையவைத்த வரலாற்றுக்கு அவையே நேர்ச் சாட்சி. மலையகப் பள்ளிகளின் ஆசிரியரும் மாணவரும், உரியவரின் சம்மதத்தோடு அவற்றைப் படியெடுத்து, அவற்றின் கதையை முதியோரிடம் கேட்டு எழுதிவைக்கட்டும். பணத்துக்கு விற்கமுடியாத இச்சேகரம், நம் தலைமுறை நிறைவுசெய்ய வேண்டிய கடன்.