கழுவாத பானை

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் முடிந்து சில நாள் கழித்துத் தெருவில் நடந்தால், உடைந்த அகல் விளக்குகள் காலில் தட்டுப்படும். யாரும் வருத்தப்படுவதில்லை. மண் பாத்திரம் உடையத்தான் செய்யும். சுடுகாட்டில் கொள்ளிக்குடம் உடைந்தால்தான் சடங்கே முடிகிறது. இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் உடைந்த பானையை ஒட்டுவதற்குப் படிக்கப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "இதுக்கா சயின்ஸ் குரூப் எடுத்த?"

ஆனால் நம் பழைய வரலாற்றில் பெரும்பங்கு பானையில்தான் இருக்கிறது. 1876-ல் ஜெர்மானியரான ஃபெடோர் யாகோர் ஆதிச்சநல்லூரில் தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அங்கே அகழாய்வு செய்தார். இன்றும் ஆதிச்சநல்லூர் என்றதும் பொன் நெற்றிப்பட்டமும் வெண்கலமும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அவற்றோடு கிடைத்த முதுமக்கள் தாழி வெறும் உறை மாதிரி ஆகிவிட்டது.

அந்த உறைக்குள் என்ன இருக்கும் என்பதற்கு அதே தாமிரபரணிப் பக்கத்துச் சிவகளை ஒரு சாட்சி. அங்கே ஒரு தாழிக்குள் மண்ணோடு நெல் உமி கிடைத்தது. அதை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிக் காலக்கணிப்பு செய்ததில் வந்த விடை பொ.ஆ.மு. 1155. 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் இதை அறிவித்தார்கள். பழனி அருகே பொருந்தலில் கிடைத்த நெல்லும் பானைக்குள் இருந்ததுதான். அதன் காலம் பொ.ஆ.மு. 490. யாராவது ஒரு நல்ல மனிதர் "அழுக்கா இருக்கே" என்று அந்தத் தாழியைக் குழாயடியில் வைத்திருந்தால் கதை முடிந்தது.

மட்பாண்டப் பாதுகாப்பாளருக்கு முதல் பாடமே எதைச் செய்யக்கூடாது என்பதுதான். உள்ளே இருக்கும் மண்ணை முதலில் மாதிரிக்கு எடுக்க வேண்டும். கழுவுவது பிறகு, அதுவும் தேவைப்பட்டால் மட்டும். அடுத்தது உப்பு. பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்த பானை உப்பைக் குடித்திருக்கும். வெளியே வந்து காயும்போது அந்த உப்பு படிகமாகி, மேற்பரப்பைச் செதில் செதிலாக உரித்துவிடும். அதனால் தாங்கக்கூடிய பானையைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எடுத்த நீரில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டால் குளோரைடு இருக்கும்வரை பால் போலக் கலங்கும். கலங்காத நாள் வரும்வரை பொறுமை.

பிறகுதான் ஒட்டுவது. இங்கே ஒரே விதி: இன்று ஒட்டுவதை நாளை ஒருவர் பிரிக்க முடிய வேண்டும். எபாக்சி போட்டால் உறுதியாக நிற்கும், ஆனால் பிரிப்பது பெரும்பாடு. பலரும் பயன்படுத்தும் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின் அசிட்டோனில் கரைந்துவிடும். மென்பொருள்காரர்களுக்குச் சட்டெனப் புரியும்: ரோல்பேக் வழி இல்லாமல் எதையும் புரொடக்‌ஷனில் போடாதே. விடுபட்ட இடத்தைச் சாந்தால் நிரப்பினாலும், எது பழசு எது நாம் வைத்தது என்று அருகில் வந்து பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

நமக்கு இது உறுத்தும். கோயில் திருப்பணியின் தர்மம் வேறு. சிதைந்ததைப் புதுப்பித்து, வண்ணம் தீட்டி, கும்பாபிஷேகம் செய்வது அது. வழிபாட்டில் உயிரோடு இருக்கும் இடத்துக்கு அது நியாயம். தாழி அப்படியல்ல. அது ஒரு சாட்சி. சாட்சியின் வாக்குமூலத்தை நாம் அழகுபடுத்தக் கூடாது.

இதைக் கற்க இங்கே இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 1930-லேயே சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் பாதுகாப்புப் பணியைத் தொடங்கினார். வெண்கலச் சிலைகளின் அரிப்பை மின்பகுப்பு முறையில் நீக்கியவர் அவர். 1976-ல் லக்னோவில் தேசியப் பாதுகாப்பு ஆய்வகம் வந்தது. தில்லியில் 1989-ல் உருவான தேசிய அருங்காட்சியக நிறுவனம் பாதுகாப்பியலில் முதுகலைப் படிப்பு நடத்தியது. மட்பாண்டத்துக்கென்றே தனிப் படிப்பு வேண்டுமென்றால் இங்கிலாந்தின் வெஸ்ட் டீன் கல்லூரி மாதிரியான இடங்களைத் தேட வேண்டும்.

கீழடியிலும் சிவகளையிலும் குழி வெட்டும்போது செய்தி வருகிறது, நாமும் பகிர்கிறோம். குழியிலிருந்து வந்த ஓடுகளைத் தட்டில் பரப்பி, விளிம்போடு விளிம்பு பொருத்திப் பார்க்கும் வேலைக்குச் செய்தி கிடையாது. வேதியியலும் கைநிதானமும் உள்ள யாராவது பிளஸ் டூ முடித்துவிட்டு என்ன படிப்பது என்று கேட்டால், நான் இந்த வேலையையும் சொல்வேன். வீட்டில் கேட்டால் சிவகளை உமியைப் பற்றிச் சொல்லட்டும்.